வகுப்பில் எதைப் பார்த்தால் உங்களுக்கு மனசு கேட்பதில்லை?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். ஒன்பது ஆண்டு அனுபவம். இந்த ஆண்டு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் தனிப்பட்ட தொலைநோக்கு அறிக்கை, அதாவது விஷன் ஸ்டேட்மென்ட், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். "மாணவர்களின் முழுமையான வளர்ச்சிக்கு உறுதுணையாக நின்று, அவர்களைத் தன்னம்பிக்கை மிக்க குடிமக்களாக உருவாக்குவதே என் நோக்கம்" என்றுதான் வருகிறது. வாசித்தால் பள்ளி விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இணையத்தில் மாதிரிகள் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எதுவும் என்னுடையதாக இல்லை. எனக்கு அப்படியொரு தொலைநோக்கே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொரு நெருடலும் உண்டு. சிந்திக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று எழுதிவிட்டு, மறுநாள் பாடத்தை முடிக்க ஓடுகிறேன். அப்படியானால் எழுதுவது பொய்தானே?

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நான் பக்கத்தில் போனாலே கையை வளைத்து நோட்டை மறைத்துக்கொள்கிறான், தப்பைப் பார்த்துவிடுவேனோ என்று. அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கத்தால் என்ன பயன் என்றும் தோன்றுகிறது. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத கணித ஆசிரியர்

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொலைநோக்கு இல்லையோ என்று சந்தேகப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே அதை எழுதிவிட்டீர்கள். கையை வளைத்து நோட்டை மறைக்கிற அந்தப் பையனைப் பற்றிய வரிகளை நீங்கள் எந்த மாதிரியிலிருந்தும் எடுக்கவில்லை. அவனை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அது உங்களை உறுத்தியிருக்கிறது. வேறு எதற்கோ ஆலோசனை கேட்டு எழுதிய கடிதத்தில்கூட அவனை விட்டுவிட மனம் வரவில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. "உங்கள் தொலைநோக்கு என்ன?" என்று கேட்டால் அறை முழுக்க ஒரே வாக்கியம்தான் வரும்: முழுமையான வளர்ச்சி, நற்பண்பு, தன்னம்பிக்கை. அதையே கொஞ்சம் மாற்றி, "வகுப்பில் எதைப் பார்த்தால் உங்களுக்கு மனசு கேட்பதில்லை?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது ஒருவருக்குத் தாங்காது. கேள்வியைப் படிக்காமலே விடையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது இன்னொருவருக்குப் பொறுக்காது. ஆண்டு முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் தேறிப் போய்விடும் பிள்ளையை நினைத்து வருந்துவார் வேறொருவர். இவர்கள் ஒவ்வொருவரும் எப்படிப்பட்ட வகுப்பை விரும்புகிறார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். நமக்குப் பொறுக்காத காட்சிக்கு எதிர்ப்பக்கம்தான் நாம் விரும்பும் காட்சி இருக்கிறது.

அதனால் அந்த மூன்று வரைவுகளையும் ஓரமாக வையுங்கள். ஒரு தாளில் அந்தப் பையனைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அப்புறம் அதைத் திருப்பிப் பாருங்கள். அவன் நோட்டை மறைக்கவில்லை என்றால் வகுப்பில் என்ன நடக்கும்? ஒருவேளை உங்களைக் கூப்பிட்டு, "டீச்சர், இது வரைக்கும் வருது, இதுக்கு மேல வரலை" என்று ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டுவான். இந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால், உங்கள் ஒரு பக்கம் முழுவதும் இதைப் பற்றியதாகவே இருக்கலாம்.

நிறையப் பேருக்குக் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த மாதிரி வகுப்பை, எந்த மாதிரி மாணவரைக் காண விரும்புகிறீர்கள் என்று சொல்வது தொலைநோக்கு. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், ஏன் இப்படி நடத்துகிறேன் என்று விளக்குவது கற்பித்தல் தத்துவம். பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த ஆண்டுக்குள் செய்து முடிக்கப்போவது இலக்கு. உங்களிடம் கேட்டிருப்பது முதலாவது. மற்ற இரண்டும் அதில் ஒன்றிரண்டு வரி கலந்தால் தப்பில்லை.

உங்களுக்கு ஏன் விளம்பர நோட்டீஸ் நடை வருகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க சமூகவியலாளர் டான் லோர்ட்டி ஆசிரியர் தொழிலைப் பற்றி 1975-இல் எழுதிய நூலில், ஒருவர் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்குச் சொன்னார். ஆசிரியராக வருபவர் எவரும் வெறும் கையோடு வருவதில்லை. ஆசிரியர் எப்படி நிற்பார், எப்படி அதட்டுவார், தப்பு விடைக்கு என்ன செய்வார் என்பதெல்லாம் அந்த மணி நேரங்களில் பழகிவிடுகிறது. மாணவராக இருந்து நாம் பார்த்தது அவர் செய்ததை மட்டும்தான். ஏன் அப்படிச் செய்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே தொலைநோக்கு எழுத உட்காரும்போது, பழக்கமாகக் கையில் இருப்பதற்கு நம்மிடம் சொல் இல்லை. ஆண்டு விழா மேடையில் கேட்ட சொற்கள்தான் இருக்கின்றன. அவை முதலில் ஓடி வருகின்றன. அது உங்கள் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வருவதை எழுதி ஓரம் கட்டிவிட்டால் அடுத்தது வரும்.

அந்த மாதிரி வாக்கியத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று: யாராவது இதை மறுக்க முடியுமா? "முழுமையான வளர்ச்சி வேண்டாம்" என்று சொல்லும் ஆசிரியர் உலகில் யாரும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாக்கியம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1897-இல் தன் கல்வி நம்பிக்கைகளைச் சிறு அறிக்கையாக ஓர் இதழில் எழுதினார். கிட்டத்தட்ட பத்திக்குப் பத்தி "நான் நம்புகிறேன்" என்றே தொடங்கும். கல்வி என்பது பின்னால் வரப்போகும் வாழ்க்கைக்கான ஆயத்தம் என்ற எண்ணத்தை அதில் அவர் ஏற்கவில்லை. கற்பதே வாழ்வதுதான் என்றார். அன்றைக்கும் இன்றைக்கும் பலர் அதை மறுக்கக்கூடும். அதனால்தான் அதைப் படித்தால் அவருடைய பள்ளி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர் அவர். உங்களுக்கும் அந்த வசதி இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "தன்னம்பிக்கை மிக்க குடிமக்களாக உருவாக்குவது." தன்னம்பிக்கையை உங்கள் கணித வகுப்பில், ஒரு பீரியடுக்குள், எங்கே கண்ணால் பார்ப்பீர்கள்? கை தூக்குவதிலா? கை தூக்குகிற பிள்ளை பெரும்பாலும் விடை தெரிந்த பிள்ளை. விடை தெரியாத இடத்தில் ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறதா, தெரிந்த வரைக்கும் எழுதிப் பார்க்கிறதா? இப்போது உங்கள் வாக்கியம் இப்படி ஆகும்: "என் வகுப்பில் படித்த பிள்ளை, வழி தெரியாத கணக்கைக் கண்டால் பேனாவை மூடாது. தெரிந்த வரைக்கும் எழுதிவிட்டு, எங்கே நின்றுவிட்டது என்று காட்டும்." குடிமக்கள் போய்விட்டார்கள், ஒரு பிள்ளை வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, இதற்காக நான் என்ன செய்கிறேன்? இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் அறிக்கைக்கு உயிர் வருவது இந்த இடத்தில்தான்.

வகுப்பில் 3/4-உடன் 1/2-ஐக் கூட்டச் சொல்கிறீர்கள். நாலைந்து பேர் 4/6 என்று எழுதியிருப்பார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார்கள். உங்களுக்கு ரொம்பப் பழக்கமான தப்புதான். வழக்கமாக என்ன நடக்கும்? குறுக்கே ஒரு கோடு, "பகுதியைச் சமமாக்காமல் கூட்டக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று ஒரு வார்த்தை, பலகையில் 5/4 வரும் வழி. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தப்பு விட்டவர்கள் அதை அழித்துவிட்டு 5/4 என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த முறை, தப்பு வந்துவிடுமோ என்று தோன்றினால், கையை வளைத்து மறைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு விதமாகவும் செய்யலாம். யாருடையது என்று சொல்லாமல் 4/6-ஐப் பலகையில் எழுதுங்கள். "முக்காலோடு அரையைச் சேர்த்திருக்கிறோம். வந்திருப்பது முக்காலை விடப் பெரியதா, சின்னதா?" என்று மட்டும் கேளுங்கள். 4/6 என்பது மூன்றில் இரண்டு பங்கு. முக்காலை விடக் குறைவு. சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி வகுப்புக்குள் விழுந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். அதோடு விடாதீர்கள். "இப்படிக் கூட்டத் தோன்றியது ஏன்?" என்றும் கேளுங்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு சிறு தேர்வில் நாலு கேள்விக்கு மூன்று சரி, இன்னொன்றில் இரண்டுக்கு ஒன்று சரி என்றால், மொத்தம் ஆறு கேள்விக்கு நாலு சரி. அங்கே மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவதுதான் முறை. அந்தப் பிள்ளை வேறொரு கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறது. நாம் கேட்ட கேள்வி அது இல்லை, அவ்வளவுதான். இதை வகுப்பு முன்னால் நீங்கள் எடுத்துச் சொன்னால், நோட்டை மறைக்கிற பையனுக்கு என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன் தப்புக்குள்ளேயும் யோசிக்கத்தக்க ஒன்று இருக்கிறது என்று அவனுக்குக் கேட்கும்.

இதை அறிக்கையில் எழுத நீண்ட விளக்கம் வேண்டாம். "விடையைப் பார்க்கும் முன் வழியைப் பார்க்கிறேன். குறுக்குக் கோடு போடாமல், தடம் மாறிய வரியை வட்டமிடுகிறேன். வாரம் ஒரு நாளாவது ஒரு தப்பு விடையை, பெயர் சொல்லாமல், எல்லோருமாக ஆராய்கிறோம்." மூன்று வாக்கியம் போதும். படிப்பவருக்கு உங்கள் வகுப்பு தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, எனக்கோ அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: இதற்காக எதை விடப்போகிறேன்? பின்னக் கூட்டலில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது இப்போது பத்து நிமிடம் எடுக்கும். அந்த எட்டு நிமிடத்தை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். பாடத்திட்டத்தைக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் ஒரே வகைக் கணக்குகள் பத்து இருக்கும் பயிற்சியில் ஆறு மட்டும் போடச் சொல்வது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கும். எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடும் நேரத்தைக் குறைத்து, ஒரு பக்கத்தை ஊன்றிப் படிக்கலாம். எதை விடுவதென்று நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். எதையும் விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வேன் என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கை முதல் தேர்வு அட்டவணை வந்ததும் காணாமல் போய்விடும்.

இப்போது உங்கள் நெருடலுக்கு வருகிறேன். சிந்திக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று எழுதிவிட்டுப் பாடத்தை முடிக்க ஓடுவது பொய்யா?

கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷான் என்ற இரு அறிஞர்கள் 1974-இல் இதைப் பற்றித் தெளிவாக எழுதினார்கள். தொழில் செய்யும் எவருக்கும் இரண்டு கோட்பாடுகள் இருக்கின்றன: ஒன்று, கேட்டால் சொல்வது, மற்றது, நடக்கும் விதத்திலிருந்து வெளிப்படுவது. இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். இரண்டாவது என்னவென்று பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை. உங்களுக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்கிறது, அது உங்களை உறுத்துகிறது. தெரிந்த இடைவெளியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதில் பொய் எங்கே இருக்கிறது? ஒப்புக்கொள்ளாமல் மூடி எழுதினால்தான் நீங்கள் சொன்ன பொய் வரும். ஆகவே அறிக்கையில் ஒரு வரியாவது, இன்னும் எனக்குக் கைவராதது இது என்று சொல்லட்டும்.

இதில் ஒரு சின்ன விஷயம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் வேறு மாணவரைக் கேட்பார், அல்லது தானே சொல்லிவிடுவார். மூன்று வினாடியோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழகிய வகுப்புகளில் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970-களில் வெளிவந்த ஆய்வு இது. அந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் யாரும் "நான் மாணவரைச் சிந்திக்க விடமாட்டேன்" என்று எழுதித் தந்திருக்க மாட்டார்கள். விருப்பத்துக்கும் நடப்பதற்கும் நடுவே இருந்தது இரண்டு வினாடி. உங்கள் ஓட்டத்தையும் இப்படித் துல்லியமாகப் பாருங்கள். "பாடத்தை முடிக்க ஓடுகிறேன்" என்பது பெரிய குற்றச்சாட்டு. அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "தேர்வு நெருங்கும்போது கேள்வியைக் கேட்டுவிட்டு விடையையும் நானே சொல்லிவிடுகிறேன்" என்று எழுதினால், நாளைக் காலை முதல் பீரியடிலேயே அதை மாற்றத் தொடங்கலாம்.

உங்கள் வகுப்பில் உண்மையில் எந்தக் கோட்பாடு நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இதற்குக் கொஞ்சம் மனத்தைரியம் வேண்டும். மாணவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம். "கணக்கு வகுப்பில் நம் ஆசிரியருக்கு ரொம்ப முக்கியமானது எது?" என்று ஒரே கேள்வி, ஒரே வரி பதில். பாதிப் பேர் "வேகமாக முடிப்பது" என்றோ "சத்தம் போடாமல் இருப்பது" என்றோ எழுதினால் மனம் சங்கடப்படும். படட்டும். அவர்கள் உங்களை மதிப்பிடவில்லை. தினமும் பார்ப்பதைச் சொல்கிறார்கள். யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்துத் தேடாதீர்கள், வகுப்பில் அதற்கு விளக்கமும் கொடுக்காதீர்கள். வாசித்துவிட்டு, உங்கள் வரைவின் பக்கத்தில் அந்தத் தாள்களை வைத்துப் பாருங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும். பொருந்தும் இடங்களும் நிச்சயம் இருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முக்கியமென்றே நினைக்காமல் செய்யும் ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துவைத்திருப்பார்கள்.

அப்புறம், நீங்கள் நம்பும் சக ஆசிரியர் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இதில் எதை என் வகுப்பில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டாலும் அந்தப் பக்கம் அப்படியே பொருந்துகிறதா என்றும் அவரிடமே கேட்கலாம். பொருந்தினால் இன்னும் வேலை இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு சின்னதாக, எவ்வளவு நேராக இருக்கலாம் என்று காட்டத்தான் இது:

"நான் கணித ஆசிரியர். தப்பு விடையை யாரும் மறைக்கத் தேவையில்லாத வகுப்பு என்னுடையதாக இருக்க வேண்டும். என்னிடம் படித்த மாணவர், வழி தெரியாத கணக்கைக் கண்டால் பேனாவை மூடிவிட மாட்டார். தெரிந்த வரைக்கும் எழுதி, எங்கே நின்றுவிட்டார் என்று காட்டுவார். தப்பு என்பது ஒரு பிள்ளை எப்படி யோசித்தது என்று எனக்குத் தெரியவரும் இடம் என்று நம்புகிறேன். அதனால் விடைக்கு முன் வழியைப் பார்க்கிறேன், தடம் மாறிய வரியை வட்டமிடுகிறேன், வாரம் ஒரு தப்பு விடையையாவது வகுப்போடு சேர்ந்து ஆராய்கிறேன். இதற்கு நேரம் வேண்டியிருப்பதால் ஒரே வகைப் பயிற்சிக் கணக்குகளைக் குறைத்துக்கொள்கிறேன். தேர்வு நெருங்கும்போது கேள்வி கேட்டுவிட்டு நானே விடை சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருக்கிறது. இந்த ஆண்டு அதை மாற்றிக்கொள்ள முயல்கிறேன்."

அரைப் பக்கம்கூட வரவில்லை. ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்களே என்று இதை நீட்டாதீர்கள். இடம் மிச்சமிருந்தால் பின்னக் கணக்கு மாதிரி உங்கள் வகுப்பில் உண்மையில் நடந்த ஒன்றை எழுதுங்கள். தொடக்கத்தில் பெரியவர்களின் பொன்மொழி வேண்டாம். அது அவர்கள் தொலைநோக்கு. "உருவாக்குவேன்", "செதுக்குவேன்" போன்ற சொற்களையும் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் அவற்றில் பிள்ளை சும்மா இருக்கிறது, ஆசிரியர் மட்டும் வேலை செய்கிறார். உங்கள் வாக்கியங்களில் பிள்ளை எழுதட்டும், கேட்கட்டும், காட்டட்டும்.

தலைமை ஆசிரியரிடம் கொடுக்கப்போகும் தாள் என்பதால் ஒரு எச்சரிக்கை. இது ஆண்டு மதிப்பீட்டில் சேருமா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேரும் என்றால், உங்கள் கையில் இல்லாததை வாக்குறுதியாக எழுதாதீர்கள். எல்லோரும் தேர்ச்சி பெறுவார்கள், எல்லோருக்கும் கணிதம் பிடித்துப்போகும் என்பதெல்லாம் உங்கள் ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. நோட்டை எப்படித் திருத்துவது, கேள்வி கேட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது, தப்பை எப்படி எடுத்துக்கொள்வது எல்லாம் உங்களால் ஆகிறவை. குறையை ஒப்புக்கொள்ளும் அந்த வரியை மதிப்பீட்டுக்குப் போகும் தாளில் வைக்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் பிரதியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளிலும் மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். பள்ளிக்கென்று ஒரு தொலைநோக்கு எழுதி மாட்டியிருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். உங்களுடையது அதில் எந்த வரியோடு சேர்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் தலைமை ஆசிரியருக்கும் அது உதவும். அதன் சொற்களையே கடன் வாங்க வேண்டாம்.

அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். தாள் எழுதப்பட்டதால் மட்டும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பீரியடுக்குள் நீங்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றை உட்கார்ந்து யோசிக்க உங்களுக்கு நேரமும் இருக்காது. அவன் நோட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, கையை எடு என்று சொல்வதா, கடந்து போவதா, குனிந்து "எது வரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்பதா? அந்த நொடியில் பழக்கம்தான் முடிவு செய்யும். எதை விரும்புகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லில் எழுதி, அடிக்கடி கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தால், பழக்கத்தோடு மல்லுக்கட்ட உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பாடக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் அது அதிகம் தேவைப்படும். அப்போது எடுத்து வாசியுங்கள். ஆண்டு முடிவில் பேனாவோடு உட்கார்ந்து, செய்யாததை அடியுங்கள், செய்ததில் எழுதாமல் விட்டதைச் சேருங்கள். ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் தொலைநோக்கு முதல் ஆண்டில் எழுதியதைப் போலவே இருக்க வேண்டியதில்லை. பத்தாவது ஆண்டில் அது இன்னும் மாறலாம்.

மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். துண்டுத்தாள் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள், எழுதுவது அதற்குப் பிறகு. எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எதை விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.